பழைய ஹொலிவூட்டின் ஊர்ப்பேச்சு: ஆருக்குச் சலுகை, ஆருக்குப் பயிற்சி?

1939 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒகாலா என்ற சிறு நகரத்தில் சில பெண்கள் கொதிச்சுப் போனார்கள். அவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) தென்மாநிலங்களுக்காகச் சண்டை பிடித்த படையினரின் பெண் வாரிசுகள் சங்கமொன்றின் கிளையினர். கோபத்துக்குக் காரணம் ஒரு சினிமாச் செய்தி. மார்கரெட் மிச்சலின் 'கோன் வித் த விண்ட்' நாவல் படமாகிறது. அதில் ஜோர்ஜியா மாநிலத்துத் தோட்ட முதலாளியின் மகள் ஸ்கார்லெற் ஓஹாராவாக நடிக்கப் போவது விவியன் லீ என்ற இங்கிலாந்துக்காரி. எங்கட ஊர்ப் பிள்ளையாக வெளிநாட்டுக்காரி எப்படிக் கதைக்கலாம் எண்டதுதான் அவர்களின்ட கேள்வி.

அதே சங்கத்தைச் சேர்ந்த வேறு ஆக்கள் இதற்குச் சொன்ன பதில்தான் எங்களுக்குச் சுவாரசியம். பரவாயில்லை, வட அமெரிக்க 'யாங்கி' ஒருத்தி நடிக்கிறதை விட இங்கிலாந்துக்காரி நல்லம் என்றார்கள். ஆக, 'உச்சரிப்புச் சரியோ' என்ற கேள்விக்குள்ளே வேறொரு கேள்வியும் ஒளிஞ்சிருந்தது. ஆர் பிழை விடலாம், ஆர் விடக்கூடாது? பழைய ஹொலிவூட் படங்களைப் பார்த்துவிட்டு நாங்கள் கதைக்கும்போது ஆராவது ஒருவர் "அந்த அக்சென்ட் சரியான போலி" எண்டு தொடங்குவார். அதில் பெரும்பாலும் உண்மை இருக்கு. ஆனால் அந்த முதல் கேள்வியோடு நிற்காமல் இரண்டாவதையும் கேட்டால், ஒரே வருடத்தில் வந்த இரண்டு படங்கள் வேறு மாதிரித் தெரியத் தொடங்குகின்றன.

முதலில் கொஞ்சம் பின்னுக்குப் போவோம். மௌனப் படங்களில் நடிகர் எந்த ஊர்க்காரர் என்பது பிரச்சினையே இல்லை. புறூக்ளின் பெட்டையும் ஹங்கேரி நாட்டுக்காரியும் இளவரசியாகலாம். வசனம் அட்டையில் எழுத்தாய் வரும். 1927 ஒக்டோபரில் 'த ஜாஸ் சிங்கர்' வெளியானபின் இரண்டு மூன்று வருடங்களுக்குள் இந்த உலகம் முடிஞ்சு போச்சு. மைக்குக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு ஊர் வந்துவிட்டது. ஜேர்மன் நடிகர் எமில் யானிங்ஸ் நாடு திரும்பினார். சுவீடனைச் சேர்ந்த கிரேற்றா கார்போவுக்கு எம்ஜிஎம் நிறுவனம் மிகக் கவனமாகத் தெரிந்தெடுத்த முதல் பேசும் பாத்திரம், 1930இல் 'அன்னா கிறிஸ்டி'யில் ஒரு சுவீடன் வம்சாவளிப் பெண். உச்சரிப்பு மாறாவிட்டால் பாத்திரத்தை மாற்று என்ற தந்திரம் அது.

மாற்ற முடிந்தவர்களுக்குப் பேச்சு ஆசிரியர்கள் வந்தார்கள். நியூயோர்க் நாடக மேடையில் அப்போது உயர்வாகக் கருதப்பட்டது அரைவாசி இங்கிலாந்தும் அரைவாசி அமெரிக்காவுமான ஒரு பேச்சு. எந்த ஊரிலும் தாய்ப்பாலோடு வந்த பேச்சில்லை. வகுப்பறையிலும் வசதியான தனியார் பாடசாலைகளிலும் பழகியது. இந்தக் காலத்தைக் கிண்டலடிக்கும் 'சிங்கின் இன் த றெய்ன்' (1952) படத்தில், கீச்சுக்குரல் நட்சத்திரம் லீனாவுக்குப் பதிலாகக் கதாநாயகி ஒலிப்பதிவில் வசனத்துக்கு நல்ல குரல் கொடுப்பாள். அந்தக் காட்சியில் கேட்கும் 'நல்ல குரல்', லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுடைய சொந்தக் குரல்தான்! உண்மையில் அவ அப்படித்தான் அழகாகக் கதைப்பா. எது அசல் எண்டு தேடப் போனால் ஹொலிவூட் இப்படித்தான் காலை வாரும்.

தென்மாநிலப் பேச்சுக்கு வருவோம். 'கோன் வித் த விண்ட்'டுக்கு ஒரு வருடம் முன்னர், 1938இல், 'ஜெசபெல்' வந்தது. நியூ ஓர்லியன்ஸ் பணக்காரப் பெண்ணின் கதை. இது முதலில் 1933இல் நியூயோர்க்கில் நாடகமாக மேடையேறியது. நடிக்க இருந்தவ அலபாமாவில் பிறந்த டலூலா பாங்ஹெட்; அவ வருத்தம் வந்து விலக, ஜோர்ஜியாவில் பிறந்த மிரியம் ஹொப்கின்ஸ் நடித்தா. இரண்டு பேரும் அசல் தென்மாநிலத்தவர். படமாகும்போது பாத்திரம் போனது வடக்கே மாசசூசெட்ஸில் பிறந்த பெற் டேவிஸுக்கு. ஒஸ்காரும் அவவுக்கே.

'கோன் வித் த விண்ட்'டில் நிலைமை இன்னும் வேடிக்கை. நாலு முக்கிய நடிகர்களின் பிறந்த ஊர்களைப் பாருங்கோ. விவியன் லீ டார்ஜிலிங்கில். ஒலிவியா டி ஹாவிலண்ட் டோக்கியோவில். லெஸ்லி ஹோவர்ட் லண்டனில். கிளார்க் கேபிள் ஒஹையோவில். தென்மாநிலத்தவர் ஒருவர்கூட இல்லை. அசல் தென்மாநிலத்தவர் சின்னப் பாத்திரங்களில் இருக்கிறார்கள். படத்தின் தொடக்கத்தில் ஸ்கார்லெற்றோடு படிக்கட்டில் இருக்கும் இரண்டு சகோதரர்களில் ஒருவராக வரும் ஃபிரெட் கிரேன் நியூ ஓர்லியன்ஸ்காரர். இந்தியா வில்க்ஸாக வரும் அலீசியா றெற் ஜோர்ஜியாவின் சவன்னாவில் பிறந்தவர்.

தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் இதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கவில்லை. ஜோர்ஜியாவின் மேகன் நகரப் பத்திரிகையாளரும் மார்கரெட் மிச்சலின் நண்பருமான சூசன் மைரிக்கை ஹொலிவூட்டுக்கு அழைத்து வந்தார். பேச்சும் பழக்கவழக்கமும் சரியாக இருக்கிறதோ என்று பார்ப்பதே அவரது வேலை. விவியன் லீக்கு அறிவிப்புக்கும் படப்பிடிப்புக்கும் இடையில் சில வாரங்கள்கூட முழுசாய்க் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் படத்தின் வெள்ளைக்கார முக்கிய நடிகர்களில் உழைச்சுப் பேசியவர் அவர்தான் என்று எங்களுக்குப் படுகிறது.

அவவுக்கு ஒரு வாய்ப்பும் இருந்தது. அது 'ர்' என்ற ஒலி. தென்மாநிலங்களின் பழைய தோட்டப் பகுதிகளில், வசதியான குடும்பங்களின் பேச்சில், உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ர்' ஒலிப்பதில்லை. 'வோர்' அல்ல, 'வோ'. 'ஃபாதர்' அல்ல, 'ஃபாத'. லண்டன் படிச்ச ஆக்களின் ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஆகவே லண்டன் நாக்கு அரைவாசித் தூரத்தை ஏற்கனவே கடந்திட்டுது. மிச்சம் உயிரொலிகளை இழுக்கிறதும் தாளமும். ஆனால் ஒஹையோக்காரர் கேபிளுக்கு ஒவ்வொரு 'ர்' ஆகத் தேடிப்பிடித்து விழுத்த வேண்டும். அவர் அந்தப் பாட்டுக்கே போகவில்லை. தென் கரோலைனாவின் சார்ள்ஸ்டன் நகரத்து றெற் பட்லர், படம் முழுக்க ஏறத்தாழக் கிளார்க் கேபிளாகவே கதைக்கிறார். லெஸ்லி ஹோவர்ட் இன்னும் ஒரு படி மேல். ஜோர்ஜியாத் தோட்டக்காரர் ஆஷ்லி, லண்டன் கனவானாகவே வாழ்ந்து முடிக்கிறார். இந்த இரண்டு பேருக்கும் படம் எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. கேபிள் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இன்றைக்கு இணையத்தில் விவியன் லீயின் பேச்சைக் கேட்கிற அமெரிக்க இளைஞர்கள் 'இது பிரிட்டிஷ் மாதிரிக் கிடக்கு' எண்டு சொல்லுறதைப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் ஒப்பிடுவது இன்றைய தென்மாநிலப் பேச்சோடு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 'ர்' அங்கே திரும்பி வந்துவிட்டது. இளம் வெள்ளைத் தென்மாநிலத்தவர் இன்று அதை நன்றாகவே ஒலிக்கிறார்கள். 'பின்', 'பென்' என்ற இரண்டு சொற்களும் ஒண்டாய்க் கேட்பது போல, நாங்கள் 'தெற்கு' என்று அடையாளம் காணும் சில ஒலிகளோ உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் பரவலாகின என்று மொழியியலாளர் காட்டியிருக்கிறார்கள். 1860களின் ஸ்கார்லெற் இன்றைய டெக்சஸ் பெண் மாதிரிக் கதைத்திருந்தால் அதுதான் பிழை.

நியூயோர்க்கிலும் இதே 'ர்' இடம் மாறியது. 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் மூன்று கடைகளுக்குப் போனார்: ஒன்று பணக்காரருடையது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. நாலாம் மாடியில் இருக்கும் ஒரு பொருளைக் கேட்டு, 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று விற்பனையாளர் சொல்லும்போது 'ர்' விழுகிறதா என்று கவனித்தார். விலை கூடிய கடையில் 'ர்' கூடுதலாக ஒலித்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர் 'ர்' இல்லாமல் கதைப்பதுதான் மேடைக் கௌரவம். கௌரவம் கட்சி மாறிவிட்டது. 'தெனாலி' (2000) படத்தில் கமல் கதைத்த யாழ்ப்பாணத் தமிழைப் பற்றி எங்கட வீடுகளில் நடந்த வாக்குவாதத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியேல்ல. ஆர் இப்ப இப்படிக் கதைக்கினம் எண்டு இளசுகள் கேட்க, உங்கட அப்பப்பா கதைச்சவர் எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். காதுக்கும் ஒரு வயது இருக்கு.

இதுவரை சொன்னது சலுகை கிடைத்தவர்களின் கதை. அந்தப் படத்தில் சலுகையே கிடைக்காத ஒருவர் இருந்தார்.

ஹற்றி மக்டானியல் நடித்தது 'மமி' என்ற பாத்திரம், அதாவது வெள்ளைக் குடும்பத்தின் பிள்ளைகளை வளர்க்கும் அடிமைப் பெண். படத்தில் மிகத் தடிப்பான வட்டாரப் பேச்சு அவவுடையதுதான். பார்க்கிறவர்கள் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள்; கறுப்பினப் பெண், அப்படித்தானே கதைப்பா என்று. மக்டானியல் தென்மாநிலத்தவர் இல்லை. கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றாவில் பிறந்து கொலராடோவில் வளர்ந்தவ. தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். தகப்பன் ஹென்றி உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சண்டை பிடித்தவர். ஸ்கார்லெற்றின் பேச்சு விவியன் லீக்கு எவ்வளவு அந்நியமோ, ஏறத்தாழ அவ்வளவு அந்நியம் மமியின் பேச்சு இவவுக்கு. ஒருவருக்கு அது 'நடிப்புச் சாதனை' ஆனது. மற்றவருக்கு அது 'இயற்கை'.

இது ஒருவருடைய கதை மட்டுமில்லை. வேலைக்காரப் பாத்திரங்களிலேயே காலம் கழித்த லூயிஸ் பீவர்ஸ் ஒஹையோவின் சின்சினாற்றியில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவ. அவவும் தென்மாநிலக் கறுப்பினப் பேச்சை ஒரு வெளிநாட்டு மொழி மாதிரிப் பழகித்தான் வேலை எடுத்தா. அந்தப் பேச்சு திரைக்கு வருவதற்கு முன்னரே, கறுப்பு மை பூசிய வெள்ளைக்காரரின் மேடைக் கூத்துகளிலும், 1928இல் தொடங்கிய 'ஏமொஸ் அன்ட் அன்டி' வானொலித் தொடரிலும் சமைக்கப்பட்டுவிட்டது. அந்தத் தொடரில் இரண்டு கறுப்பின ஆண்களாகக் கதைத்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். கறுப்பின நடிகைகள் கற்றுக்கொண்டது, தங்கட ஆக்களின் பேச்சு என்று வெள்ளைக்காரர் நினைத்த ஒன்றை.

உண்மையான குரல்கள் அப்போது கிடைக்காமல் இல்லை. இதே ஆண்டுகளில்தான், 1936க்கும் 1938க்கும் இடையில், அமெரிக்க அரசாங்கத்தின் எழுத்தாளர் திட்டம் அடிமைகளாக வாழ்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைப் பேட்டி கண்டது. எழுதியவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர். தங்கள் காதில் விழுந்த வேடிக்கைப் பேச்சை எழுத்துக்கூட்டித் தள்ளினார்கள். அந்தத் திட்டத்தில் ஆசிரியராக இருந்த கறுப்பினக் கவிஞர் ஸ்டேர்லிங் பிரவுன், 1937இல் ஒரு குறிப்பு அனுப்பினார். அவர்கள் சொல்லைக் கோர்க்கும் விதத்துக்கு முதலில் உண்மையாக இருங்கோ, உச்சரிப்பை அப்படியே காட்டுவது இரண்டாம் பட்சம் என்பதே அதன் சாரம். எங்களுக்கு இந்தக் குறிப்பு மிகப் பெரிய விடயமாகப் படுகிறது. ஒருவருடைய பேச்சு என்பது அவர் விடும் ஒலிகள் மட்டுமில்லை. எதை எப்படிச் சொல்லத் தெரிகிறது என்பதும்தான். ஹொலிவூட் இதை நேர்மாறாகச் செய்தது. ஒலியைத் தடிப்பாக்கியது, சொல்ல ஒன்றும் கொடுக்கவில்லை. மக்டானியல் அந்த வெறும் கோதுக்குள் இருந்து, மாடிப்படியில் மெலனியோடு ஏறிக்கொண்டே அழுது கதை சொல்லும் காட்சியில், ஒரு முழு மனுஷியை வெளியில் எடுத்தது அவவின் திறமை. அது எழுதியவர்களுக்குச் சேராது.

1939 டிசெம்பர் 15 அன்று அட்லாண்டாவில் முதற்காட்சி. இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் மக்டானியல் அங்கே போக முடியவில்லை. 1940 பெப்ரவரி 29 அன்று ஒஸ்கார் விருது, கறுப்பினத்தவர் ஒருவருக்கு முதற்தடவை. விழா நடந்த ஹோட்டல் மண்டபத்தில் அவவுக்குத் தனி மேசை. அந்த ஏற்புரையின் ஒரு சின்னத் துண்டு யூரியூப்பில் இருக்கு, தேடிப் பாருங்கோ. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நிதானமாய், மேடைப் பயிற்சி உள்ள தெளிவான ஆங்கிலத்தில் கதைக்கிறா. மமியின் ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை. நாங்கள் படத்தைப் பார்த்து முடிஞ்ச கையோடு இதைப் போட்டுக் கேட்டோம்; கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிற்பாடு 1947இல் 'பெயூலா' வானொலித் தொடரில் வேலைக்காரியாக நடிக்க ஒப்புக்கொண்டபோது, அந்த வட்டாரப் பேச்சைப் பேசமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் வந்தார் என்று அவவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

(சலுகைகளின் பட்டியல் நீளமானது. 1941இல் வந்து சிறந்த படத்துக்கான ஒஸ்காரை 'சிற்றிசன் கேன்'இடமிருந்து தட்டிப் பறித்த 'ஹவ் கிறீன் வோஸ் மை வலி' வேல்ஸ் சுரங்கக் கிராமமொன்றின் கதை. கிராமம் கட்டப்பட்டது கலிபோர்னியா மலையில். குடும்பத்தில் சிலர் ஐரிஷ்காரர் மாதிரியே கதைக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் ஐரிஷ்காரர். வேல்ஸ்காரர் என்று சொல்லக்கூடிய முக்கிய நடிகர் றீஸ் வில்லியம்ஸ் ஒருவர்தான். 'மேரி பொப்பின்ஸ்' (1964) படத்தில் டிக் வான் டைக் கதைத்த லண்டன் கொக்னியை இங்கிலாந்து இன்னும் மறக்கவில்லை. அவரே 2017இல் பகிடியாய் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டுச் சிரிக்க முடிவதும் ஒரு வசதிதான்.)

இரண்டாவது படம் 'வதரிங் ஹைட்ஸ்'. அதுவும் 1939. எமிலி பிரொன்டேயின் நாவல், இங்கிலாந்தின் வடக்கே யோர்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் நடப்பது. நாவலில் யோசெப் என்ற வேலைக்காரர் கதைக்கும் யோர்க்‌ஷயர்ப் பேச்சு அவ்வளவு தடிப்பு; எமிலி இறந்த பிறகு 1850 பதிப்பில் தெற்கு இங்கிலாந்து வாசகருக்கு விளங்கட்டும் என்று அக்கா சார்லட் பிரொன்டே அதை இளக்கினார். சினிமாவுக்கு முன்னரே இந்தச் சிக்கல் தொடங்கிவிட்டது. வில்லியம் வைலர் இயக்கிய படத்தில் யோர்க்‌ஷயர் நாக்கு மேசைக்குச் சாப்பாடு கொண்டு வருபவர்களோடு நின்றுவிடுகிறது. மேட்டுநிலத்தில் ஓடி வளர்ந்த காதலர்கள், லோரன்ஸ் ஒலிவியேயும் மேர்ல் ஒபெரோனும், லண்டன் மேடை ஆங்கிலத்தில் காதலிக்கிறார்கள். கதியாக நடிக்க விவியன் லீயும் ஆசைப்பட்டா. கிடைத்தது இரண்டாம் பாத்திரம். வேண்டாம் என்று விட்டா. அதற்குப் பிறகு ஒலிவியேயைப் பார்க்க 1938 டிசெம்பரில் அமெரிக்கா வந்த இடத்தில்தான் ஸ்கார்லெற் அகப்பட்டது. (அவவின் இரண்டு ஒஸ்காரும் தென்மாநிலப் பெண்களாக நடித்ததற்குத்தான், மற்றது 1951இன் 'எ ஸ்ட்றீற்கார் நேம்ட் டிசையர்'.)

ஆக அந்த வருடத்தின் பெரிய இரண்டு கதாநாயகிகளும் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்கள். ஒருவருக்கு அது சொல்லிக்கொள்ளக்கூடிய பிறப்பு. டார்ஜிலிங்கில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை, ஆறு வயதில் இங்கிலாந்துக் கன்னியர்மடப் பாடசாலை. மற்றவருக்கு அது வாழ்நாள் முழுக்க மூடி வைத்த இரகசியம். மேர்ல் ஒபெரோன் 1911இல் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த கலப்பினப் பெண். ஆங்கிலோ-இந்தியரின் ஆங்கிலத்தைப் பிரிட்டிஷ்காரர் அந்தக் காலத்தில் 'சீ-சீ' என்று நக்கலடித்தார்கள்; ஒரு சொல் அந்தத் தாளத்தில் விழுந்தால் போதும், ஆள் ஆரென்று தெரிந்துவிடும். ஒபெரோனுடைய படங்களில் அப்படி ஒரு சொல்லும் விழவில்லை. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிறந்தவர் என்று கதை கட்டப்பட்டது. கலப்பினக் காதலைத் திரையில் காட்டக்கூடாது என்று தயாரிப்பு விதியே இருந்த ஹொலிவூட்டில், இரகசியம் வெளிவந்திருந்தால் கதி பாத்திரம் கிடைத்திருக்காது.

உச்சரிப்பு அசலா போலியா என்ற அளவுகோலை இந்த இடத்தில் எப்படி வைக்கிறது? யோர்க்‌ஷயர்ப் பெண்ணாக அவ கதைத்தது போலி, சரி. ஆனால் அந்த லண்டன் ஆங்கிலம் அவவுக்கு வேலை, பெயர், வீடு எல்லாம். ஒரு பிழை விட்டால் லெஸ்லி ஹோவர்டுக்கு விமர்சகர் சிரிப்பார். ஒபெரோனுக்கு எல்லாமே போய்விடும்.

அவவை வளர்த்தது சார்லட் செல்பி என்ற பெண். சார்லட்டின் பூர்வீகம் எங்கட இலங்கை. மேர்ல் அவவைத் தாய் என்று நினைத்து வளர்ந்தா, உண்மையில் அம்மம்மா. லண்டனில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தபோது, வீட்டுக்கு ஆக்கள் வந்தால் நிறம் கறுத்த சார்லட் வேலைக்காரியாக அறிமுகப்படுத்தப்பட்டார் என்று சொல்கிறார்கள். 1937இல் சார்லட் காலமானா. 1978இல் தஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரம் ஒபெரோனை 'எங்கட ஊர்ப் பிள்ளை' என்று அழைத்து வரவேற்பு வைத்தது. அடுத்த வருடம் அவவும் இறந்தா. பம்பாய்க் கதை பரவலாக வெளியில் வந்தது அதற்குப் பிறகுதான்.

'வதரிங் ஹைட்ஸ்' பார்க்கும்போதெல்லாம் சார்லட்டை நினைக்கிறோம். லண்டன் வீட்டில், கதவு சாத்தினபிறகு, விருந்தாளிகள் போனபிறகு, அந்த இரண்டு பேரும் எந்தப் பேச்சில கதைச்சிருப்பினம்?